பழுதான இயந்திரத்தின் சத்தம்

கவிநேசன் அந்த அம்மாளிடம் முதலில் சொன்ன பொய் மிகவும் சின்னது. "நீ இங்கே தோட்டத்தில் பிறந்தவனா?" என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். "இல்லை, டவுன்" என்றான். அவ்வளவுதான்.

தொண்ணூற்று நான்காம் வருடம். மலேசியாவில் அலோர் காஜா பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஜூலியஸ் நடத்திய வீடியோ கடையில் அவனுக்கு வேலை. வயது இருபத்தாறு. கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தமிழ்ப் படக் கேசட்டுக்குத்தான் வருவார்கள். கவிநேசனுக்கோ பின் அலமாரியில் தூசி படிந்து கிடந்த ஆங்கிலப் படங்கள்மேல் பைத்தியம். மனிதனைப் போலவே செய்த இயந்திரங்கள், பாதி உடம்பு இரும்பாகிப்போன மனிதர்கள், பேசுகிற கப்பல்கள் வருகிற படங்கள். ஒன்றுவிடாமல் பார்த்துத் தீர்த்திருந்தான். பார்த்ததைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காமல் முதலாளியையே பிடித்துக்கொள்வான்.

"ஒருத்தனுக்குக் கை போச்சு, இரும்புக் கை வச்சாங்க. மனுசன்தானே? அப்புறம் காலு. அப்புறம் கண்ணு, இருதயம். எந்த எடத்துலண்ணே அவன் மனுசனா இல்லாமப் போறான்?"

"கேசட்ட ரிவைண்ட் பண்ணாம எந்த எடத்துல திருப்பிக் குடுக்குறானோ, அந்த எடத்துல," என்பார் ஜூலியஸ்.

அப்படிப்பட்டவன் இருந்த கடைக்குள் ஒருநாள் காலை பத்து மணிக்கு வெளிநாட்டுப் படக்குழு ஒன்று நுழைந்தால் எப்படி இருக்கும்! முன்னால் வந்தது ஐம்பது வயதிருக்கும் ஒரு வெள்ளைக்கார அம்மாள். ஒல்லியான உடம்பு, துணித் தொப்பி, வெயிலில் உரிந்த மூக்கு. அவர்தான் டைரக்டர். லூபோக் சீனா பக்கம் புக்கிட் செராயா ரப்பர் தோட்டத்தில் படம் எடுக்கப்போகிறார்களாம். தமிழும் ஆங்கிலமும் தெரிந்த, சினிமா புரிந்த ஓர் ஆள் மூன்று வாரத்துக்கு வேண்டுமாம்.

அந்த அம்மாள் கதையைச் சொன்னார். மனிதர்கள் இல்லாமல் போய்விட்ட ஒரு காலம். மரங்களைப் பார்த்துக்கொள்ள அவர்கள் செய்துவைத்துவிட்டுப் போன இயந்திர மனிதர்கள் மட்டும் மிச்சம். பாதி சதை, பாதி கம்பி. ஒன்று பழுதாகிவிட்டால் மற்றவை அதை இழுத்துக்கொண்டு போய் மரங்களுக்கு நடுவே போட்டுவிடும்.

"உங்கள் ரப்பர் மரங்களைப் பார்த்ததும் இங்கேதான் என்று முடிவு செய்துவிட்டேன்," என்றார். "காடு மாதிரி இருக்கிறது, ஆனால் காடு இல்லை. யாரோ செய்து நிறுத்திய இயந்திரம் மாதிரி வரிசையாக நிற்கிறது, ஆனால் உயிர் இருக்கிறது. எங்கே மரம் முடிகிறது, எங்கே இயந்திரம் தொடங்குகிறது, எங்கே மனிதன் என்று சொல்லவே முடியவில்லை."

கவிநேசனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தான் இத்தனை வருடம் ஜூலியஸிடம் மல்லுக்கு நின்ற கேள்வி இது. அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசினான். அந்த அம்மாள் அவனைத் தனக்குச் சமமான ஒருவனைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சந்தோஷத்தில்தான், நீ தோட்டத்தில் பிறந்தவனா என்று கேட்டபோது, டவுன் என்று வாயில் வந்துவிட்டது. உண்மையில் அவன் பிறந்ததே அந்த புக்கிட் செராயாவில்தான். அவனுடைய அம்மாவின் தம்பி தம்புசாமி குடும்பத்தோடு இன்னும் அங்கேதான் இருந்தார்.

படப்பிடிப்பு தொடங்கி நான்காம் நாள், டைரக்டரம்மாவுக்கு ஒரு கை இல்லாத ஆள் தேவைப்பட்டது. பழுதாகித் தூக்கியெறியப்படும் கிழட்டு இயந்திரமாக நடிக்க. கோலாலம்பூரிலிருந்து கூட்டிவந்த நடிகனுக்குக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிப் பார்த்தார்கள். சரியாக வரவில்லை. அப்போது தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஒருவர், "நம்ம வாட்ச்மேன் தம்புசாமி இருக்காரே" என்றார்.

தம்புசாமிக்கு வலது கை முழங்கைக்கு மேலோடு கிடையாது. எழுபத்திரண்டில் ரப்பர் ஆலையின் உருளைக்குள் போய்விட்டது. அப்போது கவிநேசனுக்கு நான்கு வயது. மாமாவின் சட்டைக் கை ஒன்று எப்போதும் மடித்து ஊக்குக் குத்தியே இருக்கும். அவன் நினைவு தெரிந்து மாமாவைப் பார்த்ததே அப்படித்தான்.

தம்புசாமி வந்தார். சிரித்தார். "என்ன கவி, நீயும் இங்கதான் இருக்கியா? மாமாவ நடிக்கக் கூப்புட்டாங்களே, பாத்தியா!"

"மாமா என்று ஏதோ சொன்னாரே, மாமா என்றால் என்ன?" என்று டைரக்டரம்மா கேட்டார்.

"வயதில் பெரியவர்களை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம்," என்றான். அது பொய்யும் இல்லை. ஆனால் சொன்னபிறகு மாமாவின் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டான்.

ஒப்பனைக்காரப் பெண் மாமாவின் முகத்தில் சாம்பல் நிறம் பூசினாள். மிச்சமிருந்த கையின் நுனியில் ரப்பர் பிசினை ஒட்டி, அதிலிருந்து சிவப்பும் நீலமுமாக வயர்களைத் தொங்கவிட்டாள். மாமா கண்ணாடியில் பார்த்துக்கொண்டார்.

"நான் யாரு கவி இதுல?"

அவன் தயங்கினான். "சிப்பாய் மாமா. சண்டையில கை போன சிப்பாய்."

"அப்பிடியா," என்றார் மாமா. வயர்களை ஒருமுறை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

காட்சி இதுதான். பழுதான இயந்திரம் மரத்தடியில் விழுந்து கிடக்கிறது. செயல் அடங்குவதற்கு முன் மரத்திடம் ஏதோ பேசுகிறது. டைரக்டரம்மா வசனம் எதுவும் எழுதியிருக்கவில்லை. "அவருடைய மொழியில் அவருக்கு என்ன தோன்றுகிறதோ சொல்லட்டும். மரத்திடம் சொல்லட்டும். அது போதும்," என்றார்.

கவிநேசன் அதை அப்படியே தமிழில் சொன்னான். மாமா சுற்றியிருந்த மரங்களை ஒருமுறை பார்த்தார். பிறகு, "இந்த மரம் வேணாம். அந்தா, நாலு மரம் தள்ளி, வளைஞ்சு நிக்குதே, அதுக்கிட்ட எடுக்கச் சொல்லு," என்றார்.

"ஏன் மாமா?"

"சொல்லேன்."

அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்வதாகக் கவிநேசன் மொழிபெயர்த்தான். டைரக்டரம்மா போய்ப் பார்த்தார். பட்டை முழுக்க வெட்டு வடு ஏறி, முடிச்சுமுடிச்சாக வளைந்திருந்த அந்த மரம் அவருக்கும் பிடித்துப்போயிற்று.

கேமரா ஓடியது. தம்புசாமி வேர்மேல் படுத்து, இருக்கிற கையை மரத்தில் வைத்தார். யாரும் எதிர்பார்க்காத ஒரு குரலில், பக்கத்து வீட்டுக்காரனிடம் பேசுவதுபோலப் பேசத் தொடங்கினார்.

"ஏ மரமே, என்னயத் தெரியுதா? என் கைய உன் காலடியிலதான் பொதச்சா என் பொஞ்சாதி. ஆஸ்பத்திரியில துணியில சுத்திக் குடுத்தாங்க. நீ அத குடிச்சிட்ட. குடிச்சத பாலா குடுத்த. அவதான் இருவது வருசமா அந்தப் பால வெட்டி எடுத்தா. அது இப்ப எந்தத் தேசத்துல டயரா உருளுதோ. எந்த ஆஸ்பத்திரியில டாக்டர் கையில உறையா இருக்குதோ. நான் எங்கதான் இருக்கேன், சொல்லு. இங்க கொஞ்சம், உங்கிட்ட கொஞ்சம், ஊர் ஊரா கொஞ்சம். இந்தா நிக்கிறானே என் அக்கா மவன், இவன் பொறந்தப்ப மொதல்ல ஏந்துனது அந்தக் கைதான். அதுக்கு ஞாபகம் இருக்கான்னு கேளு. நாளைக்கு ஒன்ன வெட்டிட்டுச் செம்பனை போடப்போறாங்க. பயப்படாத. நான் வந்து நிக்கிறேன்."

பேச்சு நின்றது. ஒலிப்பதிவுக்காரன் காதுக் கருவியைக் கழற்றிவிட்டு மூக்கை உறிஞ்சினான். அவனுக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது.

டைரக்டரம்மா கவிநேசனின் தோளைப் பிடித்தார். "என்ன சொன்னார்? சொல்லு, என்ன சொன்னார்?"

கவிநேசன் வாயைத் திறந்தான். கை என்பதும் மரம் என்பதும் பால் என்பதும் ஆங்கிலத்தில் தயாராகத்தான் இருந்தன. அடுத்து அக்கா மகன் வருவான். இவன்தான் அந்த அக்கா மகன் என்று சொல்ல வேண்டும். டவுன்காரன் என்று சொன்னது என்ன, எல்லாரையும் மாமா என்போம் என்றது என்ன என்ற கேள்வி வரும். சுற்றிலும் கோலாலம்பூர் உதவியாளர்கள். அவர்கள் நேற்றுத்தான் தோட்டத்து ஆட்கள் பேசுகிற தமிழைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருந்தார்கள். அவர்களோடு சேர்ந்து அவனும் சிரித்திருந்தான்.

"ஒன்றும் இல்லை," என்றான். "வார்த்தைகளே இல்லை. சும்மா ஒரு சத்தம். அர்த்தம் கிடையாது."

"நிச்சயமாகவா? எனக்கு அப்படிப் படவில்லையே."

"நிச்சயமாக."

அவர் அப்படியும் இன்னொரு முறை கேட்டார். அப்போதும் அதையே சொன்னான். தம்புசாமி எழுந்து உட்கார்ந்து, முகத்துச் சாம்பலைத் துடைத்துக்கொண்டே, "நல்லா இருந்துச்சாமா?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சாம் மாமா," என்றான் கவிநேசன்.

குழு போய்விட்டது. அடுத்த வருடம் மரங்களைச் சாய்த்து, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். அந்த வளைந்த மரம் போன அன்று தம்புசாமி சொன்னபடியே போய் நின்றார் என்று அவர் மனைவி காளியம்மா அத்தை சொல்லித்தான் கவிநேசனுக்குத் தெரியும். அவனுக்கு அன்று கடையில் வேலை இருந்தது.

தொண்ணூற்றாறில் படம் மலாக்காவுக்கு வந்தது. தோட்டமே கிளம்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு ஒரு லோரி நிறைய ஆட்கள். தம்புசாமி வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். காளியம்மா அத்தை தலையில் பூ. பதின்மூன்று வயது மகள் மோகனா அப்பாவுக்கும் கவிநேசனுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். கவிநேசன் வரமாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் தேடிப் பார்த்தான், கிடைக்கவில்லை. "நீ இல்லாமயா?" என்று அத்தை கையைப் பிடித்து லோரியில் ஏற்றிவிட்டார்.

படம் யாருக்கும் புரியவில்லை. ஆனாலும் தோட்டத்தில் ரப்பர் காயவைக்கும் புகைக்கூடம் வந்தபோது கைதட்டினார்கள். தங்கள் மரங்கள் வரிசைவரிசையாகத் திரையில் நின்றபோது யாரோ விசில் அடித்தார்கள். பிறகு தம்புசாமி வந்தார். இரண்டு இளம் இயந்திரங்கள் அவரைக் கால் பிடித்து இழுத்துவந்து வேர்களுக்கு நடுவே போட்டுவிட்டுப் போயின. அரங்கம் அடங்கியது. அவர் பேசத் தொடங்கினார். குரலில் ஏதோ இரும்பு எதிரொலியைச் சேர்த்திருந்தார்கள். ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. ஏ மரமே, என்னயத் தெரியுதா.

காளியம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். கையைப் புதைத்ததை இந்த மனுசன் இத்தனை வருடத்தில் ஒருநாளும் வாய் திறந்து பேசியது கிடையாது.

திரையின் அடியில் மலாய் எழுத்து ஓடியது. மோகனா பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் அதைச் சத்தமாக வாசித்தாள்.

"பூஞி மெசின் ரோசாக். தீடாக் பெர்மக்னா."

பழுதான இயந்திரத்தின் சத்தம். அர்த்தமற்றது. மலாய் படிக்கத் தெரியாதவர்களுக்கும் காதில் விழுந்தால் புரியும். மாமா பேசி முடிக்கும்வரை அந்த வரி அப்படியே நின்றது. என் அக்கா மவன் என்று அவர் சொன்னபோதும் நின்றது. முன் வரிசையில் யாரோ சில இளைஞர்கள் ரோபோ மாதிரிக் குரலை மாற்றி அந்தச் சத்தத்தைத் திருப்பிச் செய்து சிரித்தார்கள்.

கவிநேசனுக்குக் காது இரண்டும் கொதித்தன. நல்லவேளை, இருட்டு என்று நினைத்தான். அப்படி நினைத்ததற்கும் சேர்த்துக் கூசியது.

விளக்கு போட்டபிறகும் தம்புசாமி எழுந்திருக்கவில்லை. மோகனா, "வாங்கப்பா" என்று இழுத்தபிறகுதான் எழுந்தார். லோரி கிளம்பியது. ஊருக்கு வெளியே வந்தபிறகு காளியம்மாதான் கேட்டார்.

"கவி, நீதானே பக்கத்துல நின்ன? அவங்க ஒங்கிட்ட கேக்கலியா?"

லோரியில் இருந்த எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் வந்தது வேறு.

"கேட்டாங்க அத்தை. எல்லாம் சொன்னேன். அவங்கதான் பொறவு மாத்திட்டாங்க."

"அவன் சொல்லாம இருப்பானா?" என்றார் தம்புசாமி. அரங்கை விட்டு வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு. "புள்ள சொல்லியிருப்பான். அவங்களுக்கு நம்ம பேச்சு எதுக்கு?"

அந்தப் பொய் அவனை விடவில்லை. ஒரு வாரத்துக்குள் அது தோட்டம் முழுக்கப் பரவி, கோயில் செயலாளர் கணேசமூர்த்தி கையில் கடிதமாகிவிட்டது. தமிழ்ப் பத்திரிகைக்கு ஒன்று, படக் கம்பெனிக்கு ஒன்று. தமிழனின் பேச்சை இயந்திரச் சத்தம் என்று போட்டு அவமதித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தார். அடுத்த ஞாயிறு காலை பசியாறியபின் தோட்டத்து மண்டபத்தில் கூட்டம். கவிநேசன் சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

மண்டபத்தில் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். கணேசமூர்த்தி கடிதத்தை நின்றுகொண்டு வாசித்தார். "எங்கள் தோட்டத்தில் பிறந்த திரு. கவிநேசன் ஒவ்வொரு வார்த்தையையும் டைரக்டரிடம் எடுத்துச் சொல்லியும், அந்த அம்மையார் வேண்டுமென்றே..."

அந்த அம்மையார். உரிந்த மூக்கோடு அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, நிச்சயமாகவா, எனக்கு அப்படிப் படவில்லையே என்று கேட்ட அம்மையார்.

பேனாவைக் கையில் கொடுத்தார்கள். கவிநேசன் காகிதத்தின்மேல் குனிந்தான். எழுத்து எதுவும் தெரியவில்லை. நிமிர்ந்தான். முன்வரிசையில் மாமா அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினார், போடு போடு என்பதுபோல.

"நான் சொல்லல," என்றான்.

"என்னாது?"

"நான் அவங்ககிட்ட சொல்லவே இல்ல. அவங்க கேட்டாங்க. ரெண்டு தடவ கேட்டாங்க. அர்த்தமே இல்லன்னு நான்தான் சொன்னேன்."

யாராவது திட்டினால் தேவலை போலிருந்தது. யாரும் திட்டவில்லை. காளியம்மாதான் எழுந்து நின்றார்.

"எதுக்குய்யா?"

"சொன்னா... மாமா எனக்குச் சொந்தம்னு தெரிஞ்சிடும்னு, அத்தை."

அத்தை அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏதோ கணக்குச் சரியாக வராத மாதிரி ஒரு பார்வை. பிறகு நாற்காலியில் சாத்திவைத்திருந்த குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

தம்புசாமி இடது கையை நீட்டி கணேசமூர்த்தியிடம் கடிதத்தைக் கேட்டு வாங்கினார். முழங்காலில் வைத்து அழுத்திக்கொண்டு இரண்டாகக் கிழித்தார். "அந்தம்மா மேல தப்பு இல்ல. விடுங்க," என்றார். வாசல்வரை போனவர் திரும்பி, "சிப்பாய் இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும். கம்பிய சொருவும்போது தெரியாதா? மெசினா நடிக்கிறதுல என்னா இருக்கு. இந்த ஆலையில நான் வேற என்னாவா இருந்தேன்? அது எனக்குப் பெருசா படல," என்றார். எது பெரிதாகப் பட்டது என்று சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கவிநேசன் துணிந்து மாமா வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்த அத்தை, "வாங்க," என்றார். பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் அவனை வாடா, போடா, எருமை என்றுதான் பேசியிருக்கிறார்கள். அத்தை நாற்காலியைத் துடைத்துப் போட்டார். விருந்தாளிகளுக்கு எடுக்கிற பூப்போட்ட கோப்பையில் மைலோ கலக்கிக்கொண்டு வந்து வைத்தார். மாமா உள்ளேயிருந்து வந்து, "வேலையெல்லாம் எப்பிடிப் போவுது? ஒக்காருங்க," என்றார். மோகனாகூட அத்தான் என்று கூப்பிடாமல் கதவுக்குப் பின்னால் நின்றாள். குற்றம் சொல்லி ஒரு சொல் வரவில்லை. அந்த மைலோவைக் குடித்து முடிப்பதற்குள் அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கத்தான் போனான். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "வரேன் மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தான்.

அதன்பிறகு பேருந்தில், சந்தையில், கோயிலில் புக்கிட் செராயா ஆட்கள் யாரைப் பார்த்தாலும் ஒதுங்கிப் போனான். பின் அலமாரிப் படங்களையும் பார்ப்பதில்லை. "என்னடா, இப்ப மனுசன் எந்த எடத்துல முடியுறான்னு கேக்க மாட்டேங்குற?" என்று ஜூலியஸ் ஒருநாள் சீண்டினார். கவிநேசன் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னான். ஜூலியஸ் கேட்டுவிட்டு நெடுநேரம் கேசட் உறைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இனி யாருகிட்ட போய்ச் சொல்லுவ? படம் ஊரெல்லாம் ஓடிருச்சு," என்றார்.

தொண்ணூற்றேழு பிப்ரவரியில் அந்தப் படம் கேசட்டாகக் கடைக்கு வந்தது. மூன்று பிரதிகள். உறையின் பின்பக்கத்தில் சின்னதாக மாமாவின் படம், சாம்பல் முகத்தோடு. கவிநேசன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மதியம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் படத்தைப் போட்டான். அந்த இடத்தை நிறுத்தி நிறுத்தி, மாமா சொன்னதை எழுதினான். தமிழைக் கையால் எழுதி, மலாயையும் ஆங்கிலத்தையும் உறுப்பினர் அட்டை அடிக்கிற தட்டச்சு இயந்திரத்தில் அடித்தான். மேலே, 'எழுபத்தொன்றாவது நிமிடத்தில் இவர் சொல்வது இது' என்று போட்டான். நகலெடுத்து மூன்று உறைக்குள்ளும் மடித்து வைத்தான். ஜூலியஸ் பார்த்தார். உறைகளை வாங்கி அலமாரியில் அடுக்கினார்.

காகிதத்தை யார் வாசித்தார்கள், யார் கசக்கிப் போட்டார்கள் என்று அவனுக்குத் தெரியாது. சில சமயம் கேசட் திரும்பி வரும்போது காகிதம் இருக்காது. புதிதாக ஒன்றை வைப்பான். நான்கு மாதம் இப்படிப் போயிற்று.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை முற்பகல், கடைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு தம்புசாமி உள்ளே வந்தார். கவிநேசன் எழுந்து நின்றான். நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"லூபோக் சீனா பள்ளிக்கூடத்துல ஒரு மலாய் வாத்தியாரு," என்று ஆரம்பித்தார் மாமா. "பசார்ல என்னயப் புடிச்சு நிறுத்திட்டாரு. பாக்சிக், பெரியவரே, உங்க கைய அந்த மரத்துக்குக் கீழதான் பொதச்சீங்களான்னு கேக்குறாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. அப்புறம்தான் காயிதத்தக் காட்டுனாரு."

சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து மேசைமேல் விரித்தார். பலமுறை மடித்துப் பிரித்ததில் மடிப்பு நைந்திருந்தது.

"வாசிங்க, கேக்குறேன்."

கவிநேசன் தமிழை வாசித்தான். குரல் இடையிடையே அறுந்தது. மாமா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார்.

"குடிச்சிட்டன்னு சரியாத்தான் போட்டிருக்கு. வாத்தியாரு மலாய்ல வாசிச்சப்ப தின்னுட்டன்னு வந்துச்சு. மரம் எங்கயாவது திங்குமா? அத மாத்துங்க."

"மாத்துறேன் மாமா."

"இன்னொன்னு. ஒரு வரி கொறையுது."

அவனுக்குத் தெரியும். எந்த வரி என்று கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "அதப் போட எனக்கு யோக்கியத இல்ல மாமா. அதான் விட்டுட்டேன்," என்றான்.

தம்புசாமியின் முகம் சிவந்துவிட்டது. மண்டபத்தில் வராத கோபம் இப்போது வந்தது. இருக்கிற கையால் மேசையைத் தட்டினார்.

"பேசுனது நானு. யோக்கியத பாத்து வெட்டுறதுக்கு நீங்க யாரு? அன்னிக்கு முழுசும் இல்லன்னீங்க. இப்ப ஒரு வரி மட்டும் இல்லயா? நான் சொன்னத சொன்னபடி போடுங்க. நல்லவனா இருந்தா ஒரு மாதிரி, கெட்டவனா இருந்தா ஒரு மாதிரின்னு நான் சொல்லல. பொறந்தப்ப ஏந்துனேன். ஏந்துனேன்னு சொன்னேன். அவ்வளவுதான்."

கடைக்குள் வந்த இரண்டு பேர் கதவருகிலேயே நின்றுவிட்டார்கள். ஜூலியஸ் அவர்களைச் சைகை காட்டி வெளியே அழைத்துப் போனார்.

கவிநேசன் புதுத் தாளை எடுத்தான். தமிழில் எழுதினான்: இந்தா நிக்கிறானே என் அக்கா மவன். பேனா அந்த இடத்தில் மை கக்கியது. தாளைக் கசக்கிவிட்டு மறுபடி எழுதினான். பிறகு தட்டச்சு இயந்திரத்தைப் பக்கத்தில் இழுத்து, ஆங்கிலத்தில், பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளன் இவருடைய அக்கா மகன் என்பது வரைக்கும் சேர்த்து அடித்தான். மாமா நாற்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டேதான் இருந்தார்.

"மலாய்ல?"

"அடிக்கிறேன் மாமா."

அதையும் அடித்து முடித்து, மூன்றையும் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினான். தம்புசாமி மலாய் வரியை மட்டும் இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். குடித்துவிட்டாய் என்று இப்போது சரியாக வந்தது. தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"இது வாத்தியாருக்கு. கேசட் டப்பாவுக்கு வேற எடுத்து வச்சிருங்க," என்று சொல்லிவிட்டு, பதினொன்றரை பேருந்தைப் பிடிக்கக் கிளம்பினார்.